இரண்டு படிகளும் இரண்டு ஜக்கெட்டுகளும்

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மொழிப் பள்ளியில் என்னோடு டெனிஷ் படித்த நண்பரின் மகள் சுகன்யா, இப்போது ஒரு கொம்யூனில் பள்ளிக்கூடப் பிரிவில் வேலை செய்கிறாள். கொம்யூன் என்றால் உள்ளூர் நிர்வாகம். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், குப்பை வண்டி எல்லாம் அதன் கையில்தான்.

"மாமா, எங்கடை பகுதியில ஒரு பள்ளிக்கூடத்தை மூடுகினம். பெற்றோர் சேர்ந்து அதே கட்டடத்தில ஃப்ரீஸ்கோல தொடங்கப் போகினமாம். பாதிக் கட்டடம் அவைக்கு, பாதி எங்களுக்கு. நீங்களும் அப்பிடி ஒரு இடத்திலதானே வேலை செய்தனீங்கள். எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

"அது பிள்ளை, ஒரு மாதிரிச் சமாளிச்சன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு மனம் குறுகுறுத்தது. சமாளித்தேன் என்பது உண்மைதான். அதுதான் பிரச்சினையே. அதனால் இதை எழுத உட்கார்ந்தேன். சுகன்யா தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பாதியில் விட்டுவிட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உரும்பிராயிலிருந்து வந்தேன். மொழிப் பள்ளியில் வாயைக் கோணலாக்கி டெனிஷ் உயிரெழுத்துகளைப் பழகினேன். மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் விறைத்தேன். பிறகு கூட்டித் துடைக்கிற வேலை. பிறகு கொதிகலன், மின்சாரம், பூட்டு, பனிக்கு உப்புத் தூவுதல் ஆகியவற்றைப் படித்ததாக ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு, சில்க்போர்க்கிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளரானேன். எது உடைந்தாலும் ஒழுகினாலும் தொலைந்தாலும் அங்கே முதலில் கூப்பிடப்படுகிற ஆள் பராமரிப்பாளர்தான். சிவபாதசுந்தரம் என்ற என் பெயரை முதல் நாளே சிவா ஆக்கிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு கொம்யூன், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தை மூடுகிறோம் என்று அறிவித்தது. கிராமம் கொதித்தது. டெனிஷ்காரர் கொதித்தால் கல்லெறிய மாட்டார்கள், கோப்பி போட்டுக் கூட்டம் வைப்பார்கள். ஒன்பது கூட்டம் வைத்தார்கள். முடிவில் பெற்றோர்களே ஒரு ஃப்ரீஸ்கோல ஆரம்பித்தார்கள். அது பெற்றோர் சபை நடத்துகிற பள்ளிக்கூடம். பெற்றோர் கொஞ்சம் கட்டணம் கட்டவேண்டும். மிச்சத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று அரசாங்கம் தரும். அப்படித் தருவதில் ஒரு பங்கை அரசாங்கம் கொம்யூனிடம் அறவிட்டுக்கொள்ளும். அதாவது, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மருமகளின் செலவுக்கு மாமியார் மாதா மாதம் காசு கட்டவேண்டும். மாமியாரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கட்டடத்தைப் பிரித்தார்கள். வகுப்பறைகளும் அலுவலகமும் இருந்த பக்கத்தை ஃப்ரீஸ்கோல வாங்கியது. விளையாட்டு மண்டபத்தையும் கொதிகலன் அறையையும் கொம்யூன் வைத்துக்கொண்டது. பின்னேரங்களில் ஊர்க் கழகங்கள் அங்கே பட்மின்டன் விளையாடுவதால் மண்டபத்தை விற்கமுடியாதாம். பகலில் பள்ளிக்கூடம் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறைப் பக்கத்திலிருந்து நீளமான நடைவழி ஒன்று வந்து மண்டபத்து வாசலில் முடியும். அங்கே இரண்டே இரண்டு படி. கீழ்ப்படி தொடங்குகிற இடத்தில்தான் எல்லைக் கோடு என்று உறுதிப்பத்திரத்தில் எழுதியிருந்தது.

கட்டடத்தைப் பிரித்தவர்கள் என்னையும் பிரித்தார்கள். இந்த நாட்டில் கிழமைக்கு முப்பத்தேழு மணித்தியால வேலை. அதில் பதினேழு ஃப்ரீஸ்கோலவுக்கு, இருபது கொம்யூனுக்கு. காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை பள்ளிக்கூடத்தின் பச்சை ஜக்கெட். பத்தரையிலிருந்து இரண்டரை வரை கொம்யூனின் நீல ஜக்கெட். வெள்ளிக்கிழமை மட்டும் பச்சைக்கு அரை மணி குறைவு. இரண்டு சாவிக்கொத்து, இரண்டு போன், இரண்டு முதலாளி. எங்கள் ஆட்களில் இரண்டு வேலை செய்தவர் பலர் உண்டு. இரண்டு வேலையையும் ஒரே கட்டடத்தில், ஒரே வாளியோடு செய்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்து முதலாளி அதிபர் ஹென்ரிக். கிட்டாரும் தாடியும் உள்ள மனிதர். "சிவா, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று தோளில் கைபோடுவார். அவர் தோளில் கைபோட்டால் அந்தச் சனிக்கிழமை நான் சம்பளமில்லாமல் வேலைக்கு வரவேண்டும் என்று அர்த்தம்.

கொம்யூனின் கட்டடப் பிரிவுத் தலைவி கியர்ஸ்டன். குரலை உயர்த்தவே மாட்டார். வரும்போதெல்லாம் பேக்கரியிலிருந்து கறுவாப் பணிஸ் கொண்டுவருவார். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே அரை மணி நேரம் நின்று கதைப்பார். ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "அதைப் பார்க்கவேண்டும்" என்பார். அவர் பார்த்த எதையும் பிறகு வேறு யாரும் பார்த்ததில்லை.

வேலை நடைமுறையை விரிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள். முதல் மாதம் மண்டபத்தில் ஒரு மின்குமிழ் எரியவில்லை. வழமைபோல மாற்றினேன். அடுத்த நாளே கியர்ஸ்டன் பணிஸோடு வந்தார்.

"சிவா, குமிழை மாத்தினதுக்கு நன்றி. ஆனா முறைப்பாடு இல்லையே. முறைப்பாட்டு இலக்கம் இல்லாட்டி அந்த வேலை நடந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது."

"மண்டபத்தில குமிழ் எரியுது, கியர்ஸ்டன்."

"அது எனக்குத் தெரியும். கொம்யூனுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து முறைப்படி செய்தேன். மண்டபத்தில் ஏதாவது பழுது என்றால், வாடகைக்கு எடுத்த ஃப்ரீஸ்கோல, கொம்யூனின் இணையத்தளத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். ஃப்ரீஸ்கோல என்றால் பச்சை ஜக்கெட் போட்ட நான். படம் எடுத்து, பழுதின் வகையைக் குறித்து, அவசரமா இல்லையா என்று அடையாளம் போட்டு அனுப்புவேன். பத்தரைக்கு நீல ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு கொம்யூனின் கணினியைத் திறந்தால் புது முறைப்பாடு ஒன்று காத்திருக்கும். அனுப்பியவர் சிவா. அதை வாசித்து, "உங்கள் முறைப்பாடு கிடைத்தது, பதினைந்து வேலை நாட்களுக்குள் பதில் தருவோம்" என்று சிவாவுக்கு எழுதுவேன். பதிலின் தொனி நட்பாக இருக்கவேண்டும் என்பது கியர்ஸ்டனின் கட்டளை. அதனால் முடிவில் "உங்கள் நாள் இனிதாகட்டும்" என்று எனக்கு நானே வாழ்த்துச் சொல்வேன். ஒருமுறை எனக்கே என்மேல் கோபம் வந்து, இவ்வளவு தாமதமா என்று காரமாக ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பத்தரைக்குப் பிறகு அதை வாசித்தபோது, இவன் என்ன இப்படி மரியாதையில்லாமல் எழுதுகிறான் என்று தோன்றியது.

இதெல்லாம் சிரிப்புத்தான். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஃப்ரேயாவின் விஷயம் வரும்வரை.

ஃப்ரேயா மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது, மின்சாரச் சக்கர நாற்காலியில் வருவாள். பழைய பள்ளிக்கூடத்தை மூடியபோது அவளை நாற்பது நிமிடத் தூரத்திலுள்ள விசேட பள்ளிக்கூடத்துக்கு வாடகைக் காரில் அனுப்பலாம் என்றது கொம்யூன். தாய் மறுத்துவிட்டார். அவளுடைய தம்பிமாரும் சிநேகிதிகளும் இந்தக் கிராமத்தில்தான். ஃப்ரீஸ்கோலவுக்காக முதல் கையெழுத்துப் போட்டவர்களில் அந்தத் தாயும் ஒருவர்.

எட்டு மணிக்கு முழுப் பள்ளிக்கூடமும் மண்டபத்தில் கூடிப் பாடும். காலைப் பாட்டு இல்லாத ஃப்ரீஸ்கோலவைக் காட்டுங்கள் பார்க்கலாம். அந்த இரண்டு படிக்கும் பக்கத்தில், நாற்காலியை ஏற்றுகிற சிறிய லிப்ட் ஒன்று இருந்தது. ஒரு கார்த்திகை மாதம் அது நின்றுவிட்டது. முறைப்பாடு அனுப்பினேன், அவசரம் என்று அடையாளம் போட்டு. நீல ஜக்கெட்டில் அதை வாசித்துக் கியர்ஸ்டனுக்கு அனுப்பினேன்.

லிப்டைப் பாவிப்பது ஃப்ரீஸ்கோலவின் பிள்ளை, ஆகவே செலவு அவர்களுடையது என்றது கொம்யூன். லிப்ட் கொம்யூனின் சுவரில் இருக்கிறது, ஆகவே திருத்துவது வீட்டுக்காரரின் கடமை என்றது ஃப்ரீஸ்கோல. திருத்துகிற செலவு அப்படி ஒன்றும் பெரிதல்ல. இதைக் கட்டினால் நாளைக்குக் கொதிகலனுக்கும் கேட்பார்கள் என்று இரண்டு பக்கமும் பயந்தது. வக்கீல்மார் கடிதம் எழுதினார்கள். இரண்டு பக்கமும் காசு இருந்தது, கொள்கையும் இருந்தது. லிப்ட் மட்டும் இல்லை. நான் திருத்தலாம் என்றால் அதற்கு அனுமதிபெற்ற நிறுவனம்தான் கைவைக்கலாம். நாற்காலியோடு தூக்கலாம் என்றால் அது இரண்டு ஆளின் பாரம், தூக்குவதற்கு வேலைப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை. ஃப்ரேயா படிக்குக் கீழே, நடையில் இருந்தபடியே, திறந்த கதவுக்குள்ளால் பார்த்துப் பாடினாள்.

தை மாதம் தாய் ஹென்ரிக்கிடம் வந்தார். நான் அலுவலகத்தில் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஈஸ்டர் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள சரிவராட்டி அவளை அந்தத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறன். வாசலில இருந்து பாடுறதுக்கு ஒரு பிள்ளையை நான் பள்ளிக்கூடம் அனுப்பேல்லை" என்றார். ஹென்ரிக் என் தோளில் கைபோட்டார்.

அந்தச் சனிக்கிழமை தச்சு வேலை தெரிந்த ஒரு தகப்பனும் நானும் சாய்வுப் பலகை செய்தோம். மூன்று துண்டு, கொளுக்கி போட்டு இணைக்கலாம். திங்கட்கிழமை ஃப்ரேயா அதில் ஏறி மண்டபத்துக்குள் போனாள். புதன்கிழமை கியர்ஸ்டன் வந்தார். பலகையின் மேல்நுனி கொம்யூனின் தரையில் இருக்கிறது, தீயணைப்பு அனுமதி இல்லை, அகற்றவேண்டும் என்று கொம்யூனின் பராமரிப்பாளருக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. அதே பின்னேரம், பலகையை யாரும் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்று ஃப்ரீஸ்கோலவின் பராமரிப்பாளருக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. இரண்டு கடிதமும் என் சட்டைப் பையில் ஒன்றாக இருந்தன.

இந்த இடத்தில்தான் நான் கெட்டிக்காரனானேன். பச்சை ஜக்கெட் நேரத்தில் பலகையைப் போடுவேன். பத்தரைக்கு நீல ஜக்கெட்டை மாட்டி, அதைக் கழற்றிக் கொதிகலன் அறையில் வைப்பேன். அடுத்த நாள் காலை திரும்பப் போடுவேன். இரண்டு உத்தரவும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறின. ஹென்ரிக் மெச்சினார். கியர்ஸ்டனும் அகற்றப்பட்டதாகப் பதிவு செய்துகொண்டார். விளையாட்டுப் பாடம் மட்டும் பத்தரைக்குப் பிறகு வந்தது. அதற்கு ஃப்ரேயா போகமுடியாது. அது கியர்ஸ்டனின் பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற என் மனைவி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, ரெண்டு பேரிட்டையும் நல்ல பேர் எடுக்கிறியள். அந்தப் பிள்ளையிட்ட என்ன பேர் எடுத்தனீங்கள்?" என்றாள்.

"அவள் பாட்டுக்குப் போறாள்தானே" என்றேன்.

பங்குனியில் பள்ளிக்கூட நாடகத்துக்கு ஒத்திகை நடந்தது. ஒருநாள் அது பத்தரையைத் தாண்டிப் போனது. நான் நீல ஜக்கெட்டோடு வாசலுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பியானோவும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. ஃப்ரேயா உள்ளேதான் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே வேண்டாம். தெரிந்துகொண்டுதான் பலகையைக் கழற்றினேன். நேரமென்றால் நேரம்தான், முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்று துண்டையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே மழைநீர்க் குழாய் அடைப்பு எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒத்திகை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஃப்ரேயாவின் உதவியாளர் என்னைத் தேடி வெளியே ஓடியிருக்கிறார். நான் கட்டடத்தின் மற்றப் பக்கத்தால் வந்துவிட்டேன். மேற்படியின் விளிம்பில் ஃப்ரேயா தனியாக இருந்தாள்.

"சிவா, பலகையைப் போடு. எனக்கு ரொய்லற்றுக்குப் போகவேணும்."

அவள் போகக்கூடிய அகலமான கழிவறை வகுப்பறைப் பக்கத்தில்தான் இருந்தது. கொதிகலன் அறை பத்து அடி தூரம். நான் செய்திருக்கவேண்டியது என்ன என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். நான் சொன்னது இது: "கொஞ்சம் பொறு. இது கொம்யூன் நேரம். கியர்ஸ்டனிட்டக் கேட்டிட்டுப் போடுறன்."

போனை எடுத்துக் காதில் வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃப்ரேயா என் ஜக்கெட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். டெனிஷில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான்.

"நீ இப்ப ஆர்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. பச்சை என்றால் உதவி கேட்கலாம், நீலம் என்றால் கேட்டுப் பயனில்லை. இவ்வளவு நாளும் நான் அவளுக்குப் படிப்பித்தது அதைத்தான்.

கியர்ஸ்டன் போனை எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் அழைத்தேன். அந்த நேரத்துக்குள் அவளால் அடக்கமுடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. அழவும் இல்லை, மடியில் இருந்த நாடகத் தொப்பியால் மூடிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தாள். நான் போனைப் பையில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பலகையைக் கொண்டுவந்தேன். மூன்று துண்டையும் இணைக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. உதவியாளர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டரைக்கு நீல ஜக்கெட்டைக் கழற்றிக் கொழுவினேன். பச்சையையும் எடுக்கவில்லை. சட்டையோடு நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த என்னுடைய துளைப்பானை எடுத்தேன். எட்டு சென்ரிமீற்றர்த் திருகாணி. கீழே பள்ளிக்கூடத்தின் சீமெந்தில் ஆறு, மேலே கொம்யூனின் பளபளக்கும் மரத்தரையில் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் தலை மறையுமட்டும் இறக்கினேன். பிறகு எங்கும் எதுவும் பதியாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த கிழமை கூட்டம். மேசையின் ஒரு பக்கம் ஹென்ரிக், மறுபக்கம் கியர்ஸ்டன், நடுவில் பணிஸ். ஹென்ரிக் தோளில் கைபோடவில்லை. பெற்றோர் சபைக்குத் தெரியாமல் சீமெந்தில் துளைபோட்டது குடும்பத்துக்கு அழகில்லை என்றார். கியர்ஸ்டன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஆரின்ரை நேரத்தில செய்தனீ?"

"என்ரை நேரத்தில."

அதற்கு இரண்டு பேரிடமும் படிவம் இருக்கவில்லை. ஆனாலும், ஒரு குமிழுக்குக்கூட உடன்படாத அந்த இரண்டு நிர்வாகமும் அன்று பின்னேரத்துக்குள் எனக்கு ஒரு எழுத்துமூல எச்சரிக்கை தயாரித்துவிட்டன. ஒரே கடிதம், மேலே இரண்டு சின்னம், கீழே இரண்டு கையெழுத்து. அந்தக் கட்டடத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

ஹென்ரிக் போன பிறகு கியர்ஸ்டன் என்னோடு வாசலுக்கு வந்தார். பலகையில் ஏறி நின்று காலால் அழுத்திப் பார்த்தார். தலைக்கவசம் தலையில்தான்.

"இதைக் கழட்டினால் மரத்தரையில ஓட்டை விழும்" என்றார்.

"ஓம். பன்னிரண்டு."

"அந்த ஓட்டையை அடைக்கிற செலவு ஆரின்ரை எண்டதுக்கு ஒரு முறைப்பாடு திறக்கவேணும். முடிவு வருமட்டும் ஒருத்தரும் இதில கைவைக்கக் கூடாது. பதினைஞ்சு நாள் கணக்கு இதுக்குச் சரிவராது." போனை எடுத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். நடுவில் நிமிர்ந்து, "அந்தப் பிள்ளை என்ன வகுப்பு?" என்று கேட்டார்.

"மூண்டாம் வகுப்பு."

"இஞ்சை ஒன்பதாம் வகுப்பு வரைதானே இருக்கு? அப்ப முடிவு வர ஆறு வருசம் எடுக்கும்" என்றார். எழுதி முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருடமும் அந்த மனுஷியைப் பற்றி நான் சொன்ன பகிடிகளில் பாதியை அன்று திரும்ப எடுத்துக்கொண்டேன். மற்றப் பாதி இன்னும் செல்லுபடியாகும்.

ஈஸ்டர் வந்து போனது. ஃப்ரேயா போகவில்லை. நான் ஓய்வுபெற்றபோதும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள், விளையாட்டுப் பாடத்துக்கும் போய்வந்தாள். என்னைக் கண்டால் தலையாட்டுவாள். முன்புபோலக் கதைக்கமாட்டாள்.

சுகன்யா, இதுதான் நான் சமாளித்த விதம். எச்சரிக்கைக் கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. பதினெட்டுத் திருகாணிக்கு அதை எனக்குத் தந்தார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் நின்ற நிமிடங்களுக்கு ஒருவரும் எதுவும் தரவில்லை. அந்த நேரம் நான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததாகத்தான் இரண்டு பக்கத்துப் பதிவிலும் இருக்கிறது.